வயிற்றுக்கு விடுப்பு

வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய்வந்த தலைமை இயக்குநர், மற்ற அதிகாரிகளைப் போலச் சாக்லேட்டும் சாவிக்கொத்தும் வாங்கி வரவில்லை. ஒரு கொள்கையோடு வந்து இறங்கினார். நகரப் பேருந்துக் கழகத்துக்குச் சனி பிடித்தது அன்றுதான்.

மாநாட்டில் யாரோ ஒருவர், உடம்பின் நடுப்பகுதித் தசைகள் உறுதியாக இருந்தால் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு முதுகு வலி குறையும் என்று பேசியிருக்கிறார். நல்ல பேச்சு. ஆனால் தலைமை இயக்குநர் பாதியில் டீ குடிக்க எழுந்து போய்விட்டதால், மீதிப் பாதியைத் தானே யோசித்துக் கண்டுபிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரமே பணிமனை முற்றத்தில் பேருந்துகளை ஓரங்கட்டிவிட்டு மேடை போட்டார்கள். 'திண்ணிய வயிறு, தீவிரச் சேவை' என்று பெரிய பேனர். ஓட்டுநர்கள் வரிசையாக நின்றார்கள். தலைமை இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நம் பேருந்துகள் ஏன் தாமதமாக வருகின்றன? வண்டிகள் பழசு என்கிறார்கள். சாலை சரியில்லை என்கிறார்கள். ஆட்கள் போதவில்லை என்கிறார்கள். இதையெல்லாம் சரி செய்வது நம் கையில் இல்லை. அதாவது, என் கையில் இருக்கிறது. ஆனால் அது கடினமான வேலை. ஓட்டுநரின் வயிறு அப்படி அல்ல. அதை எவ்வளவு வேண்டுமானாலும் சரி செய்யலாம். இன்று முதல் எல்லாருக்கும் தினமும் வயிற்றுப் பயிற்சி!"

கைதட்டல் முடிந்ததும் பின்வரிசையில் இருந்து ஒரு குரல் கேட்டது.

"நீங்களும் எங்களோட செய்வீங்களா சார்?"

தலைமை இயக்குநர் கோபப்படவில்லை. சட்டைப் பொத்தான்கள் இழுத்துக்கொண்டு நின்ற தன் வயிற்றை ஒரு முறை தடவிக்கொண்டார். "நான் கொள்கை வகுக்கும் இடத்தில் இருக்கிறேன். கொள்கைக்கு வயிறு கிடையாது" என்றார்.

கேட்டவர் பஞ்சு. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அவர் பிரேக் போட்டால் வண்டி பஞ்சுப் பொதியில் முட்டியது போல நிற்கும் என்பதால் பணிமனையில் வைத்த பெயர் இது. அவர் வண்டியில் நின்றுகொண்டு வரும் பெண்கள் கம்பியைக்கூடப் பிடிக்காமல் தலையைப் பின்னிக்கொள்வார்கள். கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. யாராவது ஒன்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும் ஆள் அவர். எல்லாருக்கும் பயிற்சி என்றதும், எல்லாரும்தான் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

உண்மையைச் சொன்னால், திட்டம் வந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். வருஷக்கணக்காக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. பயிற்சி கொடுக்க வந்தவள் கைப்பந்து ஆடி ஓய்ந்த ஒரு பெண். கழுத்தில் விசில் தொங்கும். ஓட்டுநர்கள் அவளை டீச்சர் என்றார்கள். அவள் சொன்னபடி மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தோளைத் தூக்கி இறக்கியதில், முதல் சில நாட்களிலேயே இடுப்பு லேசானது போலிருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். அவள் ஒரு சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். நின்று நின்று அவளுக்கும் இடுப்பு வலிதான்.

"நல்லதா போச்சு. எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றாள்.

ஆனால் 'தினமும்' என்ற சொல்லைக் கழகம் விடவில்லை. மேல்வயிற்றுக்கு ஒரு பிரிவு தொடங்கினார்கள். அதற்கு ஒரு அதிகாரி. மேல்வயிற்றுக்கு மட்டும் அதிகாரி என்றால் கீழ்வயிறு என்ன பாவம் செய்தது என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. கீழ்வயிற்றுப் பிரிவும் வந்தது. பிறகு விலாவுக்கு அருகில் இருக்கும் பக்கவாட்டுத் தசைகள் புறக்கணிக்கப்படுவதாக ஒருவர் கண்ணீர் மல்கப் பேச, பக்கவாட்டுப் பிரிவும் பிறந்தது. ஒவ்வொரு அதிகாரியும் தன் பிரிவுக்குத் தனி வகுப்பு வேண்டும் என்றார். எனவே வண்டி எடுக்கும் முன் மேல், மதிய இடைவேளையில் கீழ், வேலை முடிந்து வண்டியை விட்டதும் பக்கவாட்டு.

சனி, ஞாயிறு என்ற பேதம் கிடையாது. வாரவிடுமுறையில் இருப்பவரும் வந்து படுத்து எழுந்து போக வேண்டும்.

பஞ்சு காலையில் படுக்கையை விட்டு எழ முடியாமல் போனது அந்த நாட்களில்தான். நேராக எழ முயன்றால் அடிவயிற்றிலிருந்து நெஞ்சுவரை யாரோ கயிறு கட்டி இழுப்பது போலிருக்கும். ஒருக்களித்துப் புரண்டு, காலைக் கீழே விட்டு, மனைவி கையைப் பிடித்து இழுத்தால்தான் எழுவார். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வார். இடுப்பு வலி பழையபடி வந்து, கூடவே ஒரு துணையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது.

"இது உடம்பா, இல்ல நாங்க பிழியற துணியா? ஒரு நாள் விடச் சொல்லிக் கேளுங்களேன்" என்றாள் மனைவி.

அதைவிட அவரைச் சுட்டது வேறு ஒன்று. வண்டி குலுங்க ஆரம்பித்தது. பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்துவதற்கு வயிறும் ஒத்துழைக்க வேண்டும் போலிருக்கிறது. அது வெட்டி வெட்டி இழுத்தது. தினமும் ஏறும் கண்ணாடிக்கார அம்மாள் ஒருவர் முன்னிருக்கைக் கம்பியில் மோதிக்கொண்டு, எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்பா, இன்னிக்கு நீதான் ஓட்டறியா? நான் வேற யாரோன்னு நினைச்சேன்."

அந்தக் கேள்வியைப் பஞ்சு நாள் முழுக்க மென்றுகொண்டிருந்தார். மறுநாள் பட்டறைக்குப் பின்னால், பழைய டயர் அடுக்கின் நிழலில் டீச்சரைப் பிடித்தார்.

"டீச்சர், உண்மையச் சொல்லுங்க. வயித்துக்கு வாரத்துல எத்தனை நாள் பயிற்சி வேணும்?"

அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். "ரெண்டு மூணு நாள் போதும்ணே. வயிறும் மத்த தசை மாதிரிதான். வேலை குடுக்கணும், அப்புறம் ஒரு நாளாவது விடணும். விடற நேரத்துலதான் அது தேறும்."

"இதை மேல சொல்லலையா நீங்க?"

"சொன்னேன். அதுக்கு ஒரு குழு போட்டுட்டாங்க."

வாரத்துக்கு எத்தனை நாள் வயிற்றுப் பயிற்சி என்று முடிவு செய்ய அமைக்கப்பட்ட அந்தக் குழு, தான் வாரத்துக்கு எத்தனை நாள் கூடுவது என்பதில் இரண்டாகப் பிளந்து நின்றது. ஒரு சாரார் தினமும் கூட வேண்டும் என்றார்கள். மறு சாரார், ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையே உறுப்பினர்களுக்குப் போதிய ஓய்வு அவசியம், இல்லாவிட்டால் சிந்தனைத் திறன் பாதிக்கப்படும் என்றார்கள். இந்த இரண்டாவது வாதம் மிகவும் அறிவியல்பூர்வமானது என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டு கலைந்தார்கள். முடிவு வரும்வரை ஓட்டுநர்கள் தினமும் செய்யட்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பஞ்சு யோசித்தார். குழு முடிவெடுக்கும்வரை காத்திருக்க அவர் தயார். அவருடைய வயிறு தயாராக இல்லை. நேராக விடுப்புப் பிரிவுக்குப் போனார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் விடுப்பு அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, சுத்தமான மனிதர். வாழ்நாளில் யாருக்கும் முதல் தடவையிலேயே விடுப்பு கொடுத்ததில்லை என்ற நற்பெயர் உள்ளவர்.

"என்ன விடுப்பு?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் வயித்துக்கு விடுப்பு வேணும் சார்."

"வயித்து வலியா? மருத்துவ விடுப்பு. நீங்க வர வேண்டாம்."

"இல்ல சார், நான் வர்றேன். வண்டி ஓட்டறேன். வயிறு மட்டும் பயிற்சிக்கு வராது."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். இப்படியொரு சிக்கலை அவர் தன் பணிக்காலத்தில் சந்தித்ததில்லை. ஆனால் சந்தித்துவிட்ட பிறகு பின்வாங்கும் ஆளும் இல்லை.

"விடுப்பு முழு ஆளுக்குத்தான். உறுப்புவாரியா குடுத்தா நாளைக்கு ஒருத்தர் வலது கைக்குக் கேட்பார், இன்னொருத்தர் காதுக்குக் கேட்பார். நிர்வாகம் எப்படி நடக்கும்? சரி, உங்க வயிறு விடுப்புல இருக்குன்னு வைங்க. அப்ப அது எங்க இருக்கும்?"

"எங்கிட்டதான் இருக்கும் சார்."

"நீங்க எங்க இருப்பீங்க?"

"பணிமனையில."

"அப்ப அது பணிக்கு வந்தாச்சு. பணிக்கு வந்த வயிறு பயிற்சிக்கு வரலைன்னா ஒழுங்கு நடவடிக்கை. வராத வயிறோட நீங்க வந்தா ஆள்மாறாட்டம். எது வேணும்?"

பஞ்சுவுக்கு எதுவும் வேண்டாம் என்று தோன்றியது. திரும்பி வந்து, மதிய வகுப்பில் படுத்து எழுந்தார்.

அன்று மாலைதான் பாலத்தில் அது நடந்தது. வண்டி நிறைய ஆட்கள். பாலத்தின் இறக்கத்தில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண், ஒரு பள்ளத்துக்கு விலகி வண்டியின் முன்னால் வந்துவிட்டாள். பஞ்சு பிரேக்கை மிதித்தார். மிதித்த அதே நொடியில் வயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது. கால் பாதியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பையே காலின் மேல் தள்ளினார். வண்டி அலறிக்கொண்டு நின்றது. உள்ளே ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள்.

சைக்கிள் பெண் திரும்பிப் பார்த்தாள். வண்டியின் முன்கண்ணாடியை அவள் கை நீட்டித் தொட்டிருக்கலாம். சைக்கிளை உருட்டிக்கொண்டு நடைபாதையில் ஏறி, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பஞ்சு வண்டியை அணைத்தார். விளக்குகளை விட்டு விட்டு எரியச் செய்தார். கதவைத் திறந்து இறங்கி, அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் போய் நடைபாதையில் சுருண்டு படுத்தார். பின்னால் வாகனங்கள் ஹார்ன் அடித்துத் தீர்த்தன. அவர் ஓட்டத் தொடங்கிய நாள் முதல் ஒருவர் மேலும் வண்டி பட்டதில்லை. இன்று பட்டிருக்கும். அதை நினைக்க நினைக்க பயம் போய், கோபம் வயிற்றுக்குள் எழும்பியது. வலிக்கும் இடத்திலேயே அது எழும்பியதுதான் வேடிக்கை.

பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தியதற்கு விசாரணை வைத்தார்கள். நீள மேசைக்குப் பின்னால் நடுவில் தலைமை இயக்குநர். சுற்றிலும் மேல்வயிற்று அதிகாரி, கீழ்வயிற்று அதிகாரி, பக்கவாட்டு அதிகாரி. பஞ்சுவுக்கு நாற்காலி போடவில்லை. நிற்பது நடுப்பகுதிக்கு நல்லது என்று விளக்கம் சொன்னார்கள்.

"இழுத்துப் பிடித்தது எந்தப் பகுதி?" என்று கேட்டார் மேல்வயிற்று அதிகாரி.

பஞ்சு தொப்புளைச் சுற்றிக் கையைக் காட்டினார்.

"தொப்புளுக்குக் கீழே. என் பிரிவு இல்லை" என்று அவர் சாய்ந்துகொண்டார்.

"தொப்புள் எல்லைப்பகுதி. அது இன்னும் எனக்கு ஒப்படைக்கப்படவில்லை" என்றார் கீழ்வயிற்று அதிகாரி. பக்கவாட்டு அதிகாரி, தன் தசைகள் சம்பவ நேரத்தில் சம்பவ இடத்திலேயே இல்லை என்று சாதித்தார். மூவரும் சற்று நேரம் தொப்புளை ஒருவர்மேல் ஒருவர் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தலைமை இயக்குநர் கையை உயர்த்தினார்.

"காரணம் தெளிவாக இருக்கிறது. பயிற்சி போதவில்லை. தினமும் செய்தும் பிடித்துக்கொள்கிறது என்றால், தினமும் என்பது குறைவு. நீங்கள் ஒழுங்காகச் செய்யவில்லை என்று ஒத்துக்கொண்டால் விஷயத்தை இத்தோடு முடித்துவிடலாம். உங்கள் வண்டி உங்களுக்கே. இல்லாவிட்டால் சஸ்பெண்ட். எங்களுக்கு உங்கள் மேல் விரோதம் இல்லை. திட்டம் தவறாக இருக்க முடியாது; எனவே ஆள்தான் தவறாக இருக்க வேண்டும். வேறு வழி இருந்தால் நாங்களே சொல்லியிருப்போம்."

மன்னிப்பு கேட்பது பஞ்சுவுக்குக் கஷ்டமான வேலை அல்ல. தெருவில் யார் மோதினாலும் முதலில் மன்னிப்பு கேட்கிறவர் அவர்தான். ஆனால் நடைபாதையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் முகம் குறுக்கே வந்தது.

"ஒழுங்காத்தான் செஞ்சேன் சார். அதனாலதான் பிடிச்சுது."

"மரியாதையாகப் பேசுங்கள்."

"மரியாதையாத்தான் சொல்றேன். நாளைக்கு நான் செய்ய மாட்டேன்."

மூன்று அதிகாரிகளும் தலைமை இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாளன்னைக்குச் செய்வேன்" என்றார் பஞ்சு. "அதுக்கு மறுநாள் மாட்டேன்."

"நீங்கள் சீருடையில் இருக்கிறீர்கள். பொத்தான்களுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் கழகத்தின் பொறுப்பு" என்றார் தலைமை இயக்குநர்.

"பொத்தான் வேணா உங்களது சார். வேணும்னா இப்பவே கழட்டித் தர்றேன். வயிறு என்னோடது. என் வண்டிக்கு முன்னால வர்றவங்க உயிரும் இனிமே என் பொறுப்புதான், உங்க திட்டத்தோடது இல்ல."

அவர் வெளியே வந்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடந்ததைச் சொல்லி, வேலை போனாலும் போகும் என்றார். அவள் இஸ்திரி போட்டுக் காய்ப்பேறிய கையால் அவர் முதுகைத் தேய்த்துவிட்டாள்.

"போனா போகட்டும். ஆள் இருக்கணும்ல."

மறுநாள் காலை, திட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காக வேறு நகரங்களிலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள். இதை முன்னிட்டு சஸ்பெண்ட் ஆணை ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்டது. வரிசையில் ஓர் இடம் காலியாகத் தெரிந்தால் அசிங்கம். முற்றத்தில் விரிப்புகள் போட்டிருந்தார்கள். ஓட்டுநர்கள் மல்லாந்து படுத்தார்கள். பஞ்சுவும் படுத்தார்.

டீச்சர் விசில் ஊதி, "ஒண்ணு!" என்றாள்.

எல்லாத் தலைகளும் எழுந்தன. பஞ்சு இரண்டு கைகளையும் கோத்துத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"எழுந்திருங்க!" என்று பல்லுக்கிடையில் சீறினார் மேல்வயிற்று அதிகாரி.

"இன்னிக்கு இல்ல சார்."

பக்கத்து விரிப்பில் இருந்தவர் பாதி எழுந்த நிலையில் பஞ்சுவைப் பார்த்தார். அவருக்கும் இரண்டு மாதமாகச் செருப்பைக் குனிந்து போட முடியவில்லை. மெதுவாக முதுகைச் சாய்த்துப் படுத்தார். "அப்பாடா" என்று அவர் விட்ட பெருமூச்சு வரிசை முழுவதும் கேட்டது. அதற்கு அடுத்தவர் சாய்ந்தார். பின்வரிசை மொத்தமாகச் சாய்ந்தது. டீச்சர் "ரெண்டு" என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லவில்லை. விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தானும் ஒரு விரிப்பைப் பார்த்து உட்கார்ந்தாள்.

முற்றம் நிறைய ஆட்கள் அசையாமல் கிடந்தார்கள். வெளியே நிறுத்தங்களில் மக்கள் காத்திருக்க, உள்ளே எடுக்க ஆளில்லாமல் வண்டிகள் நின்றன. இத்தனை பேரையும் சஸ்பெண்ட் செய்தால் அவற்றை ஓட்டத் தலைமை இயக்குநரும் மூன்று அதிகாரிகளும்தான் மிச்சம். அவர்களில் யாருக்கும் கியர் போடத் தெரியாது.

விருந்தினர்களில் ஒருவர் மெல்லக் கேட்டார். "இது என்ன பயிற்சி?"

தலைமை இயக்குநரின் முகத்தில் வியர்வை பூத்தது. அரை நொடிதான். பிறகு அவர் ஏன் தலைமை இயக்குநர் என்பது எல்லாருக்கும் விளங்கியது.

"ஓய்வுநிலைப் பயிற்சி! எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு. தசை வளர்வது ஓய்வில்தான் என்று நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவருகிறேன்" என்றார். மூன்று அதிகாரிகளும் தலையாட்டினார்கள். விருந்தினர்கள் கைதட்டினார்கள்.

பஞ்சுவின் சஸ்பெண்ட் ஆணை பிறகு வரவே இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தது. சிந்தனை, தலைமை இயக்குநருடையது என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள் ஓட்டுநர்கள். டீச்சர் முறை தவறாமல் வகுப்பெடுத்தாள். பஞ்சுவுக்கு இடுப்பு தேறியது. கண்ணாடிக்கார அம்மாள் மறுபடியும் அவர் வண்டியில் கண்ணயர்ந்தார்.

ஆனால் கழகம் ஒன்றைச் சும்மா இருக்க விட்டால் அது கழகமா? ஓய்வு நாளில் ஊழியரின் வயிறு உண்மையிலேயே ஓய்வெடுக்கிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்க, ஓய்வுக் கண்காணிப்புப் பிரிவு ஒன்றைத் திறந்தார்கள். விடுப்பு அதிகாரியை அதற்குத் தலைவராக்கினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பஞ்சுவின் வீட்டுக் கதவைத் தட்டினார். பஞ்சுவின் மனைவி திறந்தாள்.

"வயிறு இருக்கா?"

"யாரோடது சார்?"

"உங்க வீட்டுக்காரரோடது. ஓய்வுல இருக்கான்னு பார்க்கணும்."

"உள்ள படுத்திருக்கு" என்றாள் அவள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். "எழுப்பட்டுமா, இல்ல தூங்கறப்பவே பாத்துட்டுப் போறீங்களா?"

அறைக்குள்ளிருந்து பஞ்சு வெடித்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சிரிக்காதீங்க" என்று பதறினார் அதிகாரி. "சிரிச்சா வயித்துத் தசை வேலை செய்யும். ஓய்வு நாள்ல அது விதிமீறல்."

அதைக் கேட்டதும் மனைவிக்கும் அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர்கள் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார்கள். அதிகாரி உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். அவருடைய ஒல்லி வயிறும் சட்டைக்குள் இரண்டு முறை குலுங்கியதை அவரால் மறைக்க முடியவில்லை.

"நான் இதை மேலிடத்துக்கு எழுதியாகணும்" என்றார் கஷ்டப்பட்டு.

"எழுதுங்க சார்." பஞ்சு கண்ணில் வழிந்த நீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "நாளைக்கும் சிரிப்பேன்னு சேர்த்து எழுதிக்கோங்க. தினமும் சிரிப்பேன்."